கரும்புத் தொட்டிலில் என் தம்பி

திருவண்ணாமலையில் பிள்ளை வரம் கேட்டு வேண்டிக்கொண்டவர்கள், பிறந்த குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் போட்டு மாடவீதி சுற்றுவார்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஆள் தோள் கொடுப்பார்கள். தொட்டிலில் கிடப்பவை பெரும்பாலும் கைக்குழந்தைகள். எங்கள் வீட்டில் மட்டும் முதல் வருடம் சாவுத் தீட்டு, அடுத்த வருடம் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை என்று தள்ளிப்போய், என் தம்பிக்கு மூன்று வயது ஆகப்போகிற கார்த்திகை தீபத்துக்குத்தான் வேளை வாய்த்தது. அதற்குள் அவனை ஒரு ஆள் இடுப்பில் வைப்பதே பெரும்பாடாகியிருந்தது.

தம்பி குறைமாதத்தில் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் எலிக்குஞ்சு மாதிரி கிடந்தான் என்று சொல்லும்போதெல்லாம் அம்மா அவனை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தால்தான் அவளுக்கு உயிர் வந்தது. சோற்றைத் துப்பினான், சிப்ஸைத் துப்பவில்லை. அவ்வளவுதான், காலையில் கிரீம் பிஸ்கட், மத்தியானம் வனஸ்பதி மணக்கும் பேக்கரி பப்ஸ், சாயங்காலம் சிப்ஸ் என்று ஆகிவிட்டது. வருகிற சொந்தக்காரர்களும் வெறுங்கையோடு வந்ததில்லை. அவன் தின்கிற அழகைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். பாக்கெட்டின் அடியில் மிஞ்சும் தூள் எனக்கு.

சளிக்குக் காட்டப்போனபோது டாக்டர் அவனை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, வயதுக்கு மீறிய கொழுப்பு, பாக்கெட்டையும் எண்ணெய்ப் பண்டத்தையும் உடனே நிறுத்துங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். அம்மா பணிவாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்துத் தம்பிக்குச் சுற்றிப் போட்டாள்.

"ஊரு கண்ணுன்னா பரவால்ல, டாக்டரு கண்ணே பட்டுச்சே எம்புள்ள மேல!"

மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லை. திருஷ்டி பலமானதுதான் என்று முடிவாயிற்று.

தீபத்தன்று கரும்புக்காரர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "இவனுக்கா? ரெண்டு கரும்பு ஜாஸ்தியா போட்டுக் கட்டுங்க" என்றார். அம்மாவுக்குப் பெருமை. நான் கரும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன்.

முன்னால் அப்பா, பின்னால் அம்மாவின் தம்பியான மாமா. நான் தூளியை ஒட்டியே நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் கரும்பு கிறீச்சென்றது. கூட்டம் நெருக்கியது. தம்பி எழுந்து உட்கார்ந்து அழ, அம்மா ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தாள். பக்கத்தில் வந்த பெண்கள் அவன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தார்கள்.

"இவனுக்கு என்னாதான்க்கா குடுக்கற? தோளு எறங்கிப்போச்சு" என்றார் மாமா.

"நீ வேற வாய வைக்காதடா!"

"கரும்பு ஒடஞ்சா தம்பி விழுந்துடுவானாம்மா?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கினு சாமிய கும்புட்டுக்கினு வாடி."

மூலை திரும்பும்போது படக்கென்று ஒரு கரும்பு பிளந்தது. அப்பா அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார். மற்ற கரும்புகள் தாங்கிக்கொண்டன. ஆனாலும் நான் தூளிக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துக்கொண்டேன். எட்டு வயதுக் கைகள் எதைத் தாங்கும் என்று அன்று தோன்றவில்லை. தூளிக்குள் அழுகை நின்று, விசில் ஊதுவது போல அவன் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்தேன்.

கோபுர வாசலில் இறக்கியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. விழவில்லை, தப்பித்தான். அம்மா அவனை மடியில் வாரிப் போட்டுக்கொண்டு கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அண்ணாமலையாரே, எம்புள்ள இப்டியே இருக்கணும். ஒரு சுத்துகூட எளைக்கக் கூடாது."

நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதையே வார்த்தை மாறாமல் வேண்டிக்கொண்டேன். சாமி அதைக் கேட்டுவிடக் கூடாதே என்று பயப்பட எனக்கு அப்போது தெரியவில்லை.