அப்பா உட்கார்ந்த பெஞ்சு

சின்னவள் பள்ளிக்கு ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. அவள் பங்குக்கும் சேர்த்து அண்ணன் போட்டான். சொல்லாமல் மூன்று நாள் வராமல் போனால், அப்பாவோ அம்மாவோ வந்து ஒரு நாள் முழுக்கப் பிள்ளையின் பக்கத்திலேயே வகுப்பில் உட்கார வேண்டும். அந்தப் பள்ளியின் சட்டம் அது.

பேருந்து ஓட்டும் அப்பாவை வீட்டில் விழித்த கண்ணோடு பார்ப்பதே அபூர்வம். அவர் லீவு போட்டுவிட்டு வந்து, அண்ணனின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பதைச் சின்னவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கணக்குப் புரியாமல் அவர் திருதிருவென்று விழித்தார். அண்ணன் காதில் ஏதோ சொன்னான். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மதியம் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது.

"நல்ல தண்டனைதான் உனக்கு," என்றாள் வீட்டில்.

"நீயும் மட்டம் போட்டுப் பாரேன். அதுக்கெல்லாம் தைரியம் வேணும், புத்தகப்புழு," என்றான் அண்ணன்.

அடுத்த வாரம் அவள் மூன்று நாள் பூங்காவில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான்காம் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் டீச்சர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் விட்டுடுச்சாம்மா? உடம்பு சரியில்லைன்னு நானே ரிஜிஸ்டர்ல போட்டுட்டேன். காரணம் இல்லாம ஸ்கூலுக்கு வராம நிக்கிற பொண்ணா நீ?"

தலையை ஆட்டினால் போதும், தப்பித்துவிடலாம். அவள் தன் பெஞ்சில் பக்கத்து இடத்தைப் பார்த்தாள்.

"காய்ச்சல் எல்லாம் இல்ல டீச்சர். ஊர் சுத்தப் போனேன்," என்றாள். "அப்பாவ வரச் சொல்லுங்க. அம்மா வேண்டாம்."