மாமரம் காய்த்த வருடம்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து கடல் கடந்து நாங்கள் ஊர் திரும்பியபோது எனக்குப் பத்து வயது. ஊர் என்பது அப்பாவுக்குத்தான் ஊர். முகாமில் பிறந்த எனக்கு அது வெறும் கேள்விப்பட்ட இடம். அடம்பனைத் தாண்டி இலுப்பைக்கடவைப் பக்கம் போகும் வீதியில் பஸ்சை விட்டு இறங்கி, உள்ளே ஒரு மைல் நடக்க வேண்டும். முகாமில் இருந்த காலம் முழுக்க அப்பா அந்த ஊரைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. கேட்டுக் கேட்டு அதன் ஒழுங்கைகளும் வீட்டு வளவுகளும் எனக்கே பாடமாகியிருந்தன. நேரில் போய் நின்றபோது அதில் எதுவும் அங்கே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பற்றையும், கண்ணிவெடி அகற்றியவர்கள் நட்டுவிட்டுப் போன தடிகளும்தான் இருந்தன. அப்பா நடுவே நின்று கையை நீட்டி நீட்டி, இது இன்னார் வளவு, அது இன்னார் வளவு என்று சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே சந்தேகம் வந்து கையை இறக்கிவிட்டார்.

எங்கள் காணி உறுதிப் பத்திரம் இடப்பெயர்விலே போய்விட்டது. வேலி இல்லை, எல்லைக் கல் இல்லை. அப்பாவிடம் மிஞ்சியிருந்த அடையாளம் இரண்டுதான். வளவின் வடக்கு மூலையில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, அதன் பக்கத்தில் அவர் இளந்தாரியாக இருந்தபோது தன் கையாலேயே நட்ட ஒரு மாமரம். அம்பலவி இனம். முதற்காய் காய்ப்பதற்கு முன்பே அவர் படகேறிவிட்டதால் அதில் ஒரு பழம்கூடத் தின்றதில்லை. அதற்காகவே முகாமில் யாராவது மாம்பழம் வாங்கி வந்தால், இதெல்லாம் ஒரு பழமா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். தின்னாத பழத்தின் ருசியை அவ்வளவு விரிவாகச் சொல்லக்கூடிய ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

பற்றைகளுக்குள் அலைந்து, கடைசியில் ஒரு கிணற்றையும் அதன் பக்கத்தில் ஒரு மாமரத்தையும் கண்டுபிடித்தோம். ஷெல் பட்டு இடுப்பளவில் முறிந்து, பிறகு கட்டையிலிருந்து ஐந்தாறு கிளையாகத் தளிர்த்திருந்த குட்டை மரம். அதன் வயது என்ன என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. அம்மா கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்த்தாள். முகாமில் ஒரு குடத்துக்கு அரை நாள் வரிசையில் நின்றவள். தண்ணீர் இனித்தது. அம்மா கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து அழுதாள். அப்பா மரத்தடிக்குப் போய் ஓர் இலையைப் பிய்த்து, கசக்கி, மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, இதுதான் எங்கள் வளவு என்றார். ஒரு கிழமைக்குள் அங்கே தகரக் கொட்டில் போட்டுவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். சண்டைக் காலத்தில் உயிலங்குளத்துப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து, வெறுங்காடாகக் கிடந்த இந்த நிலத்தில் குடியேறியிருந்தவள். கிணறு தன் புருசன் வெட்டியது, மரம் தன் புருசன் நட்டது என்றாள். கடைசிச் சண்டையில் அவரை இழந்துவிட்டு, முள்வேலி முகாமிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். எங்கள் கொட்டிலையும் கொடியில் காய்ந்த எங்கள் உடுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உங்கள் வளவு வாய்க்காலுக்கு அந்தப் பக்கமாக இருக்கும், தடுமாறிவிட்டீர்கள் போல என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அப்பா இல்லை என்று தலையாட்டினார். அவளிடமும் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. உயிலங்குளத்து மாமி என்று நான் அவளைக் கூப்பிட்டேன்.

விசயம் ஊரின் கிராம அலுவலரான விதானையாரிடம் போயிற்று. அவர் ஊர்ச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். பழைய அயலவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள், மீதிப்பேர் வெளிநாட்டில். சாட்சி சொல்ல ஆளில்லை. என்ன மா என்று விதானையார் கேட்டபோது அப்பா அம்பலவி என்றார். மாமி, கறுத்தக் கொழும்பான் என்றாள். யாழ்ப்பாணத்தில் ஒட்டுக்கன்று வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து புருசன் நட்டாராம். வந்தவர்கள் ஆளுக்கோர் இலையைப் பிய்த்துக் கசக்கி மணந்து பார்த்தார்கள். ஒருவர் அது என்றார், மற்றவர் இது என்றார். இலையில் ஆயிரம் சந்தேகம் வரலாம். காயில் வராது. அம்பலவி நீண்டு, நுனியில் கிளிமூக்குப்போல வளைந்திருக்கும். கறுத்தக் கொழும்பான் மூக்கில்லாமல் கரும்பச்சையில் திரண்டிருக்கும்.

விதானையார் கொஞ்சம் யோசித்தார். "காய் வரட்டும். காயைப் பாத்துத் தீர்ப்பம். இந்த முறையும் காய்க்காட்டி இருக்கிற ஆக்களுக்கே எழுதிக் குடுப்பம். ரெண்டு பேருக்கும் சம்மதமோ?"

இரண்டு பேரும் ஓம் என்றார்கள்.

அந்த மரம் வருடாவருடம் பூப்பதோடு சரி, காய்ப்பதில்லை என்பது எங்களுக்கு முன்பே வீதிப் பக்கம் குடியேறியிருந்தவர்கள் சொல்லி எங்களுக்குத் தெரிந்திருந்தது. தையில் பூங்கொத்து தள்ளும்போதே பூச்சி வந்துவிடும். ஆப்பு வடிவில், அரிசியளவில், மண்ணிறத் தத்துப்பூச்சி. கிட்டப் போனால் ஆயிரக்கணக்கில் துள்ளி இலைகளில் சடசடவென்று மோதும். வெயிலுக்குள்ளே மழைத்தூறல் விழுந்ததுபோல இருக்கும். அவை பூவின் சாற்றை உறிஞ்சிவிட்டு, பிசுபிசுவென்று ஒரு பாகை இலையெல்லாம் சொரிந்துவிடும். அதன்மேல் கரிபூசிய மாதிரிப் பூஞ்சணம் படரும். பூ கருகிக் கொட்டும். எங்கள் முதல் தை மாதத்தில் எல்லாம் அப்படியே தொடங்கிற்று. அம்மா பதைத்துப்போய், விவசாயக் கந்தோரில் போய் மருந்து கேளுங்கோ என்று அப்பாவை நச்சரித்தாள். பூச்சி பிடித்த மரத்தில் மினக்கெடாதே என்று சொல்லிவிட்டு அப்பா கூலிக்கு நெல் அரிவு வெட்டப் போய்விட்டார். காணியே கையை விட்டுப் போகப் போகிறது, இந்த மனிசன் இப்படி இருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. முகாம் வாழ்க்கை அவரைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று தீர்மானித்தேன். பத்து வயதில் எனக்குத் தீர்மானங்களுக்குக் குறைவே இருந்ததில்லை.

அந்த மாதத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விவசாயப் போதனாசிரியர் வந்தார். நான் 'போறேன்' என்று சொல்வதைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். அவர்களுக்கு அது 'போறன்'. எனக்கு அங்கே இந்தியாக்காரி என்று பெயர். அதனால் நான் வாயைத் திறப்பதில்லை. அன்று மட்டும் எழுந்து, மாமரத்துத் தத்துப்பூச்சிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. உள்ளே வெளிச்சம் படும்படி காய்ந்த குச்சிகளை முறித்துவிடு, வேப்பங்கொட்டையை இடித்து ஓர் இரவு ஊறவைத்து வடித்து, சவர்க்காரம் கரைத்து, வெயில் தணிந்த பிறகு பூவிலும் இலையின் அடிப்பக்கத்திலும் படும்படி தெளி, ஐந்து நாளுக்கு ஒருமுறை செய் என்றார். நான் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடு இட்டேன்.

கொட்டை கிடைக்காததால் வேப்பிலையை இடித்தேன். அம்மாவின் உடுப்புச் சவர்க்காரத்தில் ஒரு துண்டு வெட்டினேன். பிளாஸ்டிக் போத்தல் மூடியில் ஆணியைச் சுட்டுத் துளைபோட்டேன். அதுதான் என் தெளிகருவி. அப்பா வயலிலும் அம்மா குளிப்பிலும் இருக்கும் பின்னேரங்களில், குட்டைக் கிளைகளில் ஏறி நின்று கொத்துக் கொத்தாக நனைத்தேன். கண்ணில் சவர்க்காரம் பட்டு எரியும். கை தோலுரிந்தது. யாருக்கும் சொல்லவில்லை. காய்த்து, அது மூக்கோடு தொங்கி, விதானையார் எங்கள் பெயரை எழுதும் அன்று, நான்தான் செய்தேன் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு காட்சியை நினைத்துக்கொண்டே மாசி முழுவதையும் ஓட்டினேன்.

இடையில் மாமி ஒருநாள் வந்து எட்ட நின்று மரத்தைப் பார்த்தாள். பிள்ளை, இந்த முறையும் கொட்டிப்போச்சுதோ என்று கேட்டாள். இல்லை மாமி, நிக்குது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் கிட்ட வந்து ஒரு கிளையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். எதிராளிக்கு உளவு சொல்லிவிட்டோமே என்று எனக்கு இரண்டு நாள் பயம்.

பங்குனியில் கடுகளவில் பிஞ்சு கண்டது. அம்மாதான் முதலில் பார்த்தாள். மரத்தடியில் கற்பூரம் கொளுத்தி விழுந்து கும்பிட்டாள். அன்று பின்னேரம் வேலையால் வந்த அப்பா மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இரவு சாப்பிடவில்லை. காய்ச்சலாக்கும் என்று அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். சந்தோசத்தில் வாயடைத்துப்போய்விட்டார் என்று நான் நினைத்தேன்.

உதிர்ந்தது போக ஒன்பது காய் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொன்றின் நுனியையும் பார்ப்பேன். பாக்கு அளவில் மூக்கில்லை. முட்டையளவிலும் மூக்கில்லை. பிறந்த பிள்ளைக்கு மூக்குச் சப்பையாக இருந்து பிறகு எடுப்பாவதில்லையா, அப்படி வளரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா மரத்தடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். காய்கள் கரும்பச்சையில் திரண்டுகொண்டே வந்தன.

வைகாசியில் விதானையார் வந்தார். மாமி தன் தங்கையோடு வந்திருந்தாள். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா ஒரு காயை ஆய்ந்து, பாலைத் துடைத்து, மாமியின் கையில் கொடுத்தார். கறுத்தக் கொழும்பான்தான் என்று விதானையாருக்குக் கேட்கும்படி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ அக்கா. வந்த அண்டைக்கே இலையைக் கசக்கிப் பாத்தனான். எனக்குத் தெரியும்."

மாமி காயைச் சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டாள். "உங்களுக்கும் பிள்ளையள் இருக்கெல்லே," என்றாள்.

அம்மா கிணற்றடிக்குப் போய், எங்களிடம் இருந்த குடம், வாளி, சட்டி எல்லாவற்றையும் ஒன்றொன்றாக நிரப்பி வரிசையில் வைத்தாள். அவ்வளவையும் எங்கே கொண்டுபோவது என்று அவளுக்கே தெரியாது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கப் பற்றையை வெட்டியபோது, எரிந்த மாங்கட்டை ஒன்றும் தூர்ந்துபோன கிணறு ஒன்றும் தெரியவந்தன. அதுதான் எங்கள் வளவு. தூர் எடுத்து இறைத்துப் பார்த்தால் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். இருபது வருடத்தில் கடல் உள்ளே வந்திருந்தது. குழாய்த் தண்ணீர் வரும்வரை ஆறு வருடம் அம்மா மாமியின் கிணற்றிலிருந்தே சுமந்தாள். மாமி ஒருநாளும் முகம் கோணியதில்லை, மாங்காய்க் காலத்தில் ஒரு பை கொடுத்தனுப்பாமலும் விட்டதில்லை. ஆனாலும் அம்மாவின் முதுகு அந்த நடையில்தான் வளைந்தது. அப்பா போய் மூன்று வருடமாகிறது. அந்தப் பூச்சி அந்த ஒரு வருசமும் பூவைக் கருக்கியிருக்கக் கூடாதா என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். கிணறு தூர் எடுத்த நாள் காலையில் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். அவர் முழங்கால் சேற்றில் நின்று, உள்ளங்கையில் அள்ளிய தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை.

"அப்பா, நான்தான் மாமரத்துக்குச் சவர்க்காரத் தண்ணி அடிச்சனான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் பிள்ளை. நீ ஏறி நிண்டு அடிக்கேக்கை முதல் நாளே பாத்தனான்." தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். "வடிவாத்தான் அடிச்சனி," என்றார்.

வேண்டாம் என்று அன்றைக்கே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். போத்தலைப் பறித்து எறிந்திருக்கலாம். ஒரு பூவும் தங்கியிருக்காது, அம்மாவுக்கு அந்தக் கிணறு கிடைத்திருக்கும். ஆனால் ஏன் வேண்டாம் என்று நான் கேட்டிருப்பேன். அதற்கு என் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில் அவரிடம் இருக்கவில்லை. இதெல்லாம் எனக்கு விளங்கியபோது அப்பா இல்லை. அன்றைக்கு, அப்பா கோபிக்கவில்லை என்ற சந்தோசத்தில் நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போனேன்.