பூட்டிய கதவுக்கு ஒரு கோலம்

பேய், ஆவி, முன்ஜென்மம் எதையும் நம்பியவனில்லை நான். பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தவன். இரண்டு பேர் சொல்லாத எதையும் செய்தியாக எடுத்துக்கொண்டதில்லை. இதற்கும் இரண்டாவது சாட்சி இருப்பதால்தான் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஓய்வுபெற்று சிட்லபாக்கத்துக்குக் குடிவந்த புதிதில் ஒரு குறுநாவல் எழுதினேன். ஏரிக்குப் பின்தெருவில் ஒரு வீடு, அடுத்தடுத்து இரண்டு வாசல். சரோஜா என்ற பெண் திறந்த வாசலை விட்டுவிட்டுப் பூட்டிய வாசலுக்கு மட்டும் தினமும் கோலம் போடுகிறாள், ஏன் என்பதுதான் கதை. 'இது என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல' என்று பதிப்பகத்தின் வழக்கமான உறுதிமொழியில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுத்தைத் திருத்தியவனுக்கு, அதுதான் சொந்தப் பெயரில் வரும் முதல் புத்தகம்.

அச்சுக்குப் போகிற நேரத்தில் பதிப்பாளர் கூப்பிட்டார். பெரும்பாக்கத்தில் ஜெசிந்தா என்ற பெண், மருந்துக்கடையில் பில் போடுபவர், இதே கதையை எனக்கு முன்பே கைபேசிச் செயலி ஒன்றில் எழுதியிருக்கிறாராம்; புத்தக விளம்பரத்தில் கதைச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுப் புகார் செய்திருக்கிறார். "பேசித் தீர்த்துக்குங்க சார். இல்லாட்டி புக்கை நிறுத்திடுவேன்."

அந்தக் கதையைப் படித்தேன். கரு ஒன்றாக இருப்பது எங்கும் நடப்பதுதான், கருவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. என்னை உலுக்கியது வேறு. என் கதையில் ஓரிடத்தில் சரோஜாவுக்குப் பதில் கைதவறி மரகதம் என்று அடித்திருந்தேன், பிழை திருத்தும்போதும் கண்ணில் படவில்லை. ஜெசிந்தா கதையிலும் அவள் பெயர் சரோஜாதான், அதே ஓரிடத்தில் மட்டும் மரகதம். காப்பி அடித்தவர்களைப் பத்திரிகையில் நாங்கள் பிடித்ததே இப்படித்தான்: தப்பும் ஒரே மாதிரி இருந்தால் திருட்டு. அந்த விதிப்படி திருடன் நான்தான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஏரிக்கரையில் சந்தித்தோம்.

"இன்னா சார், என் கதைய சுட்டுட்டு, சொந்தக் கற்பனைன்னு கையெழுத்து வேற போட்டுக்கினு கீறீங்க?"

"உங்க கதையை நான் பார்த்ததே இல்லம்மா. நீங்க அந்த வீட்டை எங்க பார்த்தீங்க?"

"எங்கயும் பாக்கல. தானா வந்துச்சு. இந்தப் பக்கமே இப்பதான் வரேன்."

"எனக்கும் தானாதான் வந்தது."

"தோடா! வாங்க, அந்தத் தெருவையே பாத்துடலாம்."

நானும் அந்தத் தெருவுக்குள் அதுவரை போனதில்லை. திரும்பியதும் நாலைந்து வீடு தள்ளி அது நின்றது, இரண்டு வாசலோடு. ஒன்றில் பூட்டு தொங்கியது. அதன் முன்னால்தான் காலையில் போட்ட கோலம் பாதி கலைந்து கிடந்தது. திறந்த வாசல் வெறுமையாக இருந்தது. அதிலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வெளியே வந்து, "வந்துட்டீங்களா?" என்றார், தெரிந்தவர்களைக் கேட்பதுபோல.

ஜெசிந்தாவின் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, உங்க பேரு?"

"மரகதம்."

கோலத்தைக் காட்டி ஏன் என்று கேட்டேன். "தொறந்த கதவுக்கு ஆள் தானா வரும் சார். பூட்டினதுக்குத்தான் கூப்பிடணும்" என்றார். எங்கள் இருவர் கதையிலும் அதுதான் கடைசி வரி.

ஜெசிந்தா அங்கேயே நின்று பதிப்பாளருக்குப் போன் போட்டார். "அவரு சுடல சார். நானும் சுடல. விட்டுடுங்க." அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் திருடனாகவே இருந்திருப்பேன், கதையும் அவர் ஒருவருடையதாகவே இருந்திருக்கும். அந்த ஒரு போனுக்கு நான் சாகும்வரை கடன்பட்டவன். புத்தகம் எங்கள் இருவர் பெயரிலும் வந்தது, உரிமையும் இருவருக்கும்.

முதல் பிரதியை மரகதத்திடம் கொடுக்கப் போனோம். அவர் கதைப் பக்கம் போகவே இல்லை. உரிமை அச்சிட்ட பக்கத்தைத் திறந்து, எங்கள் பெயர்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு பேருதான் போட்டிருக்கு. மூணாவது ஆளு பேரு எங்க?"

ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வெளியே வந்தபோதுதான் கவனித்தேன். பூட்டிக் கிடந்த அந்த வாசலில் அன்று கோலம் இல்லை. பூட்டும் இல்லை.

இப்போது மறுபதிப்பு வருகிறது. எங்கள் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று பதிப்பாளர் கேட்டார். ஜெசிந்தா மட்டும் ஏன் என்று கேட்கவில்லை.