முக்காடு போட்ட பெட்டி

ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்பு ஜவஹர் சட்டைப் பையிலிருக்கும் லைசென்ஸைத் தடவிப் பார்த்துக்கொள்வார். பிறகு கர்ச்சீப்பை உதறி, முன்கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டிக்கு முக்காடு போடுவார். முக்காட்டுக்குள்ளும் அது கத்தும்.

ஜவஹர் சைதாப்பேட்டைக்காரர், ஆக்டிங் டிரைவர். சொந்த வண்டி கிடையாது. கூப்பிடுகிறவர்களின் காரை ஓட்டித் தருவதுதான் பிழைப்பு. பெட்டி, அவரை அடிக்கடி கூப்பிடும் மயிலாப்பூர் ராமானுஜத்தின் காரில் இருப்பது. வேகத்தை அளக்கும் போலீஸ் ரேடார் எதிரே இருந்தால் 'கீ கீ' என்று எச்சரிக்குமாம். அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்தது.

"அதான் இது இருக்கோல்லியோ, செத்த அழுத்தித்தான் போயேன்" என்பார் ராமானுஜம், பின்சீட்டிலிருந்து.

"மாட்னா உங்க காரு வூட்டுக்கு வந்துடும் சார். என் லைசென்ஸ் வருமா?"

இதை வைத்திருப்பது சட்டப்படி சரியா தப்பா என்று தன்னைக் கூப்பிடும் வக்கீல்களிடமெல்லாம் ஜவஹர் கேட்டுவிட்டார். "கூடாதுன்னு எங்கய்யா எழுதியிருக்கு?" என்றார் ஒருவர். "அலை பிடிக்கிற சாமானாச்சே, அனுமதி வாங்கணுமே..." என்று இழுத்தார் இன்னொருவர்.

"ரெண்டு பேருமே கறுப்புக் கோட்டு. நான் எந்தக் கோட்ட நம்புறது?"

இத்தனைக்கும் தி.நகரில் அது போலீஸைக் கண்டு கத்தியதே இல்லை. தானாகத் திறக்கும் நகைக்கடைக் கதவுகளின் சென்சாருக்குத்தான் கத்துகிறது. "இத்த மாமி கையில குடுங்க சார், கடைகடையா காட்டும்" என்று சிரிப்பார். ஆனாலும் ஒவ்வொரு 'கீ'க்கும் அவர் கால் பிரேக்குக்குப் போய்விடும்.

போன வாரம் பனகல் பார்க் சிக்னலில் போலீஸ்காரர் ஒருவர் கர்ச்சீப்பைப் பார்த்துவிட்டார்.

"உள்ள இன்னா கீது? லைசென்ஸ எடு."

லைசென்ஸ் கைமாறியது. ராமானுஜம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜவஹர் முக்காட்டை விலக்கினார்.

"போலீஸ் ரேடாரோட நின்னா கத்துமாம் சார். வச்சிக்கலாமா, கூடாதா? நீங்களாவது சொல்லுங்க."

"நான் நிக்கிறேனே, கத்தலியே?"

"உங்க கையில மிஷின் இல்லியே சார்."

போலீஸ்காரர் தலையை உள்ளே நீட்டிப் பெட்டியை அப்படியும் இப்படியும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எனக்கே சரியாத் தெர்ல நைனா. எதுக்கு வம்பு, கழட்டிடு" என்று லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜவஹர் ஒயரைப் பிடுங்கி, பெட்டியைக் கர்ச்சீப்போடு ராமானுஜத்தின் மடியில் வைத்தார். பச்சை விழுந்து கார் நகர்ந்தது. அடுத்த நகைக்கடையின் கதவு திறந்தபோது, "கீ... கீ..." என்று தன் வாயாலேயே மெல்லச் சொல்லிக்கொண்டு, பிரேக்கைத் தொட்டார்.