தலைக்கு ஊற்றியது எப்போது: நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குச் சக்கர நாற்காலியில்

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததையெல்லாம் பயணக் கட்டுரையாக எழுதுவார்களா என்று என் நாத்தனார் கலா கேட்கிறாள். முப்பத்தேழு கிலோமீட்டர், ஒரு ரயில்வே கேட், ஒரு சாலை மறியல் எல்லாம் சேர்ந்தால் அது பயணம்தான் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வருடத்துக்கு முன் பைக்கின் பின்சீட்டிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வு கிடையாது, சக்கர நாற்காலிதான். என்னைப் போன்ற பெண்கள் யாராவது பெண்கள் டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூர் போக நினைத்தால் இது உதவட்டும்.

போனது தை மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய சில வாரங்களாக என் கால்கள் தாமாகவே வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. அடிவயிற்றில் ஏதோ கனம் இருப்பது போல ஒரு நினைப்பு. உணர்வு இல்லாத இடத்தைப் பற்றி நினைப்பு என்றுதானே சொல்ல முடியும். உள்ளூர் டாக்டர் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியில் பொத்தானை அழுத்தினால் கீழே இறங்கும் பரிசோதனைக் கட்டில் இருக்கிறது என்று ஒரு தோழி சொன்னாள். கேட்டதும் கிளம்பிவிட வேண்டும் என்று தோன்றியது. மற்ற இடங்களில் கட்டில் என் நெஞ்சு உயரம் இருக்கும். டாக்டர்கள் என்னை நாற்காலியிலேயே வைத்துப் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

உண்மையில் எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. என்னால் ஒரு குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா? உள்ளூரில் ஒருமுறை கேட்டதற்கு, "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, இருக்குற ஒடம்பப் பாத்துக்க" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை வெளியே எடுக்கவில்லை. விபத்துக்குப் பின் மாதவிலக்கு வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. யாரும் விசாரித்ததும் இல்லை, நானும் கவனிப்பதை விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பன்னீர் வரவில்லை. எங்கள் ஐந்து மா நிலத்தின் நடுவில் புறவழிச் சாலைக்காகக் கல் நட்டிருக்கிறார்கள். இரண்டு ஆட்சி மாறிவிட்டது, கல் மட்டும் மாறவில்லை. அன்றைக்கு ஊர் முக்கில் மறியல். "புள்ளகுட்டி இல்லாதவனுக்கு நெலம் எதுக்கு, காச வாங்கிட்டுப் போவியா" என்று ஒரு தரகன் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான். அதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை, கலாதான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலை ஆறரைக்கு ரவி அண்ணனின் ஆம்னி வேன் வந்தது. காத்திருப்பும் சேர்த்து வாடகை ஆயிரத்து எண்ணூறு. சாய்வுப்பலகை வைத்து நாற்காலியை ஏற்றினார்கள், துணைக்குக் கலா ஏறிக்கொண்டாள். வெளியே பனி. அறுத்த வயலும் அறுக்காத வயலும் தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. சாலை தண்ணீரில் மிதந்து போவது போலவும் நாங்கள் அசையாமல் இருப்பது போலவும் எனக்கு ஒரு மயக்கம். மறியல் பந்தலில் பன்னீர் எழுந்து நின்று, சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். வேன் அதன் அடியில் நுழைந்து போயிற்று. அவர் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் பனி மூடிக்கொண்டது.

நீடாமங்கலம் வழியாகப் போகிறவர்களுக்கு ரயில்வே கேட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றும் சாத்தித்தான் இருந்தது. நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் நகர்ந்தது.

"இந்த கேட்டுலயே பாதி ஆயுசு போயிருச்சும்மா. எனக்குப் பொண்ணு பாத்ததே இங்கதான். பக்கத்து பஸ்ஸு ஜன்னல்ல ஒக்காந்திருந்துச்சு" என்றார் ரவி அண்ணன்.

"அப்பறம் எறங்கிப் போயி கேட்டீங்களா?" என்றாள் கலா.

"கேட்டு தொறந்துருச்சே" என்றார்.

அந்த இடைவெளியில் கைகளை ஊன்றி என்னை நானே நாலைந்து முறை தூக்கிக்கொண்டேன். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் புண் வரும், வந்தாலும் தெரியாது. வேன் ஜன்னலுக்குத் துணி கட்டி, குழாய் செருகிச் சிறுநீர் எடுக்கும் வேலையையும் அங்கேயே முடித்தோம். பெட்ரோல் பங்க்கை நம்பாதீர்கள், கழிப்பறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகல். அம்மாப்பேட்டை தாண்டியதும் வெயில் வந்தது. சாலையில் பாதியை நெல் காயப்போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஊர்ந்தோம். சாலியமங்கலத்தில் டீ குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது ஒன்பது மணி.

உள்ளே ஒரு இளம் நர்ஸ் விவரங்களைக் கேட்டு எழுதினாள். வயது முப்பத்து நாலு. சர்க்கரை இல்லை. புண் இருக்கிறதா, இல்லை. அடுத்து, "கடைசியா எப்பக்கா தலைக்கு ஊத்துனீங்க?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை" என்றேன்.

எழுதிக்கொண்டாள். படிக்கிற நீங்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். மாதவிலக்காகி, அதாவது தூரம் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டது எப்போது என்பதைத்தான் அவள் கேட்டாள், எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் ஒரு காலத்தில் தெரியும். ஆனால் ஐந்து வருடமாக என்னிடம் கேட்டதெல்லாம் குளித்தீர்களா, யார் குளிப்பாட்டுகிறார்கள், முதுகைத் துடைத்தார்களா என்பதுதான். தலைக்கு ஊற்றுவது என்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை, சீயக்காய், பன்னீர், ஒரு பிளாஸ்டிக் குவளை. அவர்தான் ஊற்றிவிடுவார். உணர்வில்லாத காலில் கொதிநீர் பட்டால் வெந்துபோகும் என்பதால் ஒவ்வொரு வாளியிலும் கையை விட்டுச் சூடு பார்ப்பார்.

டாக்டர் அம்மா அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு வயிற்றுக்கு எக்ஸ்ரே எழுதப் பேனாவைத் திறந்தார். சிறுநீரகத்தில் கல் இருக்கலாம் என்றார். எழுதும் முன் பரிசோதித்துப் பார்க்க அவர் பொத்தானை அழுத்த, அந்தக் கட்டில் மெல்லிய முனகலோடு என் நாற்காலி உயரத்துக்கு இறங்கியது. யாரும் என்னைத் தூக்கவில்லை. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நானே பலகை வைத்து நகர்ந்து படுத்தேன். ஐந்து வருடத்தில் முதல்முறை. எனக்கு அழுகை வந்தது, கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு அடக்கிக்கொண்டேன்.

அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், இன்னொரு முறை அழுத்தினார். "இந்தத் தடவை எத்தனை நாள் போச்சு?" என்றார்.

"எது டாக்டர்?"

"ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊத்துனேன்னு சொல்லியிருக்கீங்களே."

"அது சீயக்காய் போட்டு ஊத்துனது டாக்டர்."

கலாதான் முதலில் வாயைப் பொத்தினாள். நர்ஸ் பெண் குறிப்பை எடுத்துத் திரும்பப் படித்தாள். டாக்டர் பேனாவை மூடிப் பையில் செருகிவிட்டு, "சரி சாந்தி, இப்ப நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. துணி வச்சு எத்தனை மாசமாச்சு?" என்று கேட்டார். யோசித்தேன். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் என்று நினைவு வந்தது. அதற்கப்புறம் எதுவுமே நினைவில்லை.

எக்ஸ்ரே போகவில்லை, ஸ்கேன் போனோம். அறை இருட்டாக, குளிராக இருந்தது. வயிற்றில் பசை தடவியது எனக்குத் தெரியவில்லை, கருவி நகர்வதும் தெரியவில்லை. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கிக் கலங்கித் தெளிந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. தூரத்து வயலில் என்ஜின் ஓடுவது போல வேகமாக, நிற்காமல். என் உடம்பில் செத்துப்போனது என்று எல்லோரும், நானும், முடிவு செய்திருந்த பாதியிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. நான் கேட்க வந்த கேள்வியைக் கடைசிவரை கேட்கவே இல்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரலாம், எடை கூடக் கூடப் புண் வரும் பயம் கூடும், பிரசவ வலி வந்தாலும் எனக்குத் தெரியாமல் போகலாம், அதனால் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். கால் இறுக்கத்துக்குச் சாப்பிடும் மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது, அவரே பார்த்து மாற்றித் தருவார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் முதல்முறையாக ஒருவர் என்னிடம் எப்படிப் பெற்றுக்கொள்வது என்று பேசினார்.

திரும்பும் வழி எனக்குச் சரியாக நினைவில்லை. வெண்ணாற்றுத் தண்ணீரில் வெயில் கிடந்தது, கொக்குகள் அறுவடை எந்திரத்தின் பின்னால் நடந்தன, ரயில்வே கேட் திறந்திருந்தது. "இது கனவா இருக்கும்மா, கேட்டு தொறந்திருக்கு" என்றார் ரவி அண்ணன்.

மறியல் பந்தல் அப்படியே இருந்தது. பன்னீர் எழுந்து ஓடிவந்து வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். பின்னால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

அத்தனை ஆண்களுக்கு நடுவில் எப்படிச் சொல்வது? குரலைத் தாழ்த்தி, "தலைக்கு ஊத்தி மூணு மாசத்துக்கு மேல ஆச்சுங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "என்னா சாந்தி, ஞாயித்துக்கிழமதான நான் ஊத்திவிட்டேன். அதக் கூடவா மறந்துட்ட?"

பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நடவு ஆள் மாரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். "ஏ பன்னீரு, ஒம் பொண்டாட்டி முழுகாம இருக்கான்னு சொல்றாப்பா. நீ ஊத்துன கதையச் சொல்லிக்கிட்டு நிக்கிற." பெண்கள் பக்கம் முழுதும் சிரிப்பு எழுந்து ஆண்கள் பக்கம் போனது. பன்னீர் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றார். பிறகு கயிற்றை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கினார். வேன் போவதற்கு அவ்வளவு உயரம் தேவையே இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்பே போன் செய்து கட்டில் இறங்குமா, கதவில் நாற்காலி நுழையுமா என்று கேளுங்கள். நகர உதவும் பலகையையும் மெத்தையையும் கையோடு கொண்டுபோங்கள். தூரம் போகும் நாளைக் குறித்து வையுங்கள், யாரும் கேட்காவிட்டாலும். எக்ஸ்ரே என்றால் முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். கேள்வி புரிந்த மாதிரி இருந்தாலும் ஒருமுறை திருப்பிக் கேளுங்கள், தப்பில்லை. அவர்கள் கேட்க மறந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள்.

கல் இன்னும் வயலில்தான் இருக்கிறது, மறியலும் முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன்னீர் எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டார். வாளிக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தார். குவளையை எடுத்தவர் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை கையை விட்டுப் பார்த்தார்.