தப்பைத் தொடாத அறிவிப்பு

புதுக் காய்ச்சல் அப்புத்தளை வரைக்கும் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக்குச் சேதி சொல்லும் தப்புக்காரர் வந்தார். ஒட்டிய கன்னம், தோளில் கறுப்புக் கம்பளி. எதைச் சொல்வதானாலும் முதலில் தப்படித்து ஆட்களைச் சேர்ப்பது அவர் பழக்கம். அன்றும் அடித்தார். நாங்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவரைச் சுற்றி நெருக்கியடித்து நின்றோம்.

“தொரை சொல்லச் சொன்னாரு! கூட்டமா நிக்காதீங்க! இருமுனா வாயைப் பொத்திக்குங்க!”

சொன்ன பிறகுதான் எங்களைப் பார்த்தார். முகம் வெளிறிப் பின்வாங்கினார். குரல் கேட்கவில்லையே என்று நாங்கள் இன்னும் நெருங்கினோம்.

“கிட்ட வராதீங்க தாயி!”

“ஏண்ணே, என்னாச்சு?” என்றேன்.

“காலையிலருந்து எனக்கே ஒடம்பு சுடுது.”

அடுத்த லயத்துக்குப் போனபோது அவர் தப்பைத் தொடவில்லை. எட்டத்தில், மேட்டில் தனியாக நின்று கத்தினார். இருமல் வந்தபோதெல்லாம் கம்பளியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல், இடுப்பிலிருந்த மகளின் நெற்றியைத் தொட்டேன். சுட்டது. பனியில் விறைத்த என் கைக்கு அன்று எல்லாமே சுட்டது.