கிட்டாருக்கு ஒரு வெளிக் காயில்

கிட்டார் சத்தத்தைப் பற்றி மதுரையில் பேசுகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அண்ணா நகரில் ஒருவர் கிட்டார் வகுப்பு நடத்துகிறார். கம்பிக்கு அடியில் இருந்து அதன் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டிவிட்டு, "இப்பத்தான் சத்தத்துல உயிர் வந்திருக்கு" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு காந்தத்தைச் சுற்றி முடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பியைச் சில ஆயிரம் சுற்றுச் சுற்றினால் அதுதான் பிக்கப். அதில் உயிராவது மண்ணாவது. எனக்குக் கப்பலூரில் ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனியில் வேலை. செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் செய்கிற வைண்டிங் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். காலையிலிருந்து சாயங்காலம் வரை காயிலோடு கிடக்கிறவனிடம் வந்து காயில் கதை சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது?

முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பேன், நாலு வருஷமாக. கல்யாண மண்டபத்துக்கு யாரும் பாட்டுக் கேட்க வருவதில்லை. போட்டோவுக்கு நின்று, இலையில் உட்கார்ந்து, பீடாவை வாயில் அடக்கிக்கொண்டு கிளம்ப வருகிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. குழுத் தலைவர்மேல் அதைவிடக் குறைவு. அவர் கீபோர்டு வாசிப்பவர். வயலின், புல்லாங்குழல், கிட்டார் எல்லாமே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, பட்டனை அமுக்கினால் போதும். அதனால் நான் வாசிக்கிற ஒவ்வொரு இடத்திலும் அவரும் கிட்டார் பட்டனை அமுக்கிக் கூடவே வாசிப்பார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அண்ணே, ரெண்டாவது பாட்டோட முன்னிசையாவது எனக்கு விட்டுக் குடுங்க. நீங்க கூட வாசிக்க வேணாம்."

"விடலாம் மாப்ள. ஆனா ஒன் கிட்டார் மந்தமால்ல இருக்கு. சத்தம் எடுப்பா வரட்டும், அப்பறம் பாப்போம்."

மந்தம் என்று அவர் சொன்னது வலித்தது, அது உண்மை என்பதால். என் கிட்டாரில் இருப்பது இரட்டைக் காயில் பிக்கப். கம்பளிக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி கனமாகத்தான் சத்தம் வரும். பத்து விநாடி இருக்குமோ என்னவோ, அந்த ஒரே ஒரு முன்னிசையைத் தனியாக வாசித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது.

அண்ணா நகர்க்காரர் மாதிரி பிக்கப்பை மாற்ற நான் ஒன்றும் ஏமாளி இல்லை. இருக்கிற பிக்கப்போடு இன்னொரு காயிலை ஒயர் வைத்துப் பேரலலாக இணைத்தால் போதும். அதற்குக் காந்தம் வேண்டாம், கம்பிக்கு அடியில் இருக்கவும் வேண்டாம், வெளியே ஒரு டப்பாவில் இருக்கலாம். இரண்டும் சேரும்போது இம்பீடன்ஸ், அதாவது சத்தத்தை அமுக்குகிற தடை, இறங்கும், அமுங்கிக் கிடக்கிற மேல் சத்தம் திறந்துகொள்ளும். ஒவ்வொன்றாகச் சுற்றி மாட்டிப் பார்த்தேன். சுற்று அதிகமாக இருந்த காயிலில் மாற்றமே தெரியவில்லை. குறைத்துச் சுற்றினால் கிட்டார் மெலிந்து கீச்சென்று ஆனது. ஏழாவது காயில் சரியாக அமைந்தது. மொட்டை மாடி அறையில் வாசித்தபோது ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. சந்தோஷத்தில் நானே சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பிறகுதான் என் திமிர் வேலை செய்தது. பக்கத்தில் ஓடுகிற கரண்டின் இரைச்சலைக் காயில் இழுக்கும், தகர டப்பாவுக்குள் வைத்து மூட வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. ஆனால் தகரத்துக்குள் போய்விட்டால் என் சுற்றின் அழகு யார் கண்ணில் படும்? அல்வா வாங்கிவந்த, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் காயிலை வைத்து, அதைச் சேர்க்கவும் விலக்கவும் மேலே ஒரு சுவிட்சும் போட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டேன்.

ஒத்திகையில் கேட்ட தலைவரால் குறை சொல்ல முடியவில்லை. "சரி மாப்ள, கல்லுப்பட்டி ரிசப்சன்ல அந்த முன்னிசை ஒனக்குத்தேன்" என்றார்.

கல்லுப்பட்டி மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு எல்இடி திரை வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு, முதல் பாட்டின் நடுவில், பொண்ணு மாப்பிள்ளை முகத்தைப் பூதாகாரமாகக் காட்ட அதைப் போட்டார்கள். போட்டதும் என் காலடியில் கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஆம்ப் பெட்டி 'ம்ம்ம்ம்' என்று இரைய ஆரம்பித்தது. மூடாத காயில் திரையின் கரண்டை இழுக்கிறது. ஆம்ப்பிலிருந்து ஒரு ஒயர் மைக் செட்காரரின் மிக்ஸருக்குப் போகிறது. அங்கிருந்துதான் மண்டபத்தின் இரண்டு பக்கமும் நிற்கிற ஆளுயர ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் போகும். மானம் போச்சு என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் வந்தது. இரைச்சல் துளிகூட இல்லை.

பாட்டு முடிந்து அறிவிப்பாளர் கடி ஜோக் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் மிக்ஸர் பக்கம் போனேன்.

"அண்ணே, எங் கிட்டார் இரையுதா?"

"இல்லையேண்ணே. சுத்தமா இருக்கு."

"இதுல எது என்னோடது?"

மைக் செட்காரர் காட்டினார். என் சத்தத்தை ஏற்றி இறக்குகிற பட்டன் அடிமட்டத்தில் இருந்தது. அசையாமல் இருக்க மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் ஓரமெல்லாம் தூசி.

"எப்பருந்து இப்டி இருக்கு?"

"நான் ஒங்க குழுவுக்கு செட்டு போட வந்ததுலருந்தேண்ணே. நாலு வருசம் இருக்கும். கீபோர்டு அண்ணந்தேன் சொன்னாரு, கிட்டார் மேடையில நிக்கட்டும், பாக்க எடுப்பா இருக்கும், சத்தம் நான் பாத்துக்கிறேன்னு. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்." டேப்பின் நுனியில் நகத்தை வைத்தார். "தூக்கி விடட்டுமாண்ணே?"

விடச் சொல்லியிருக்கலாம். சுவிட்சைத் தள்ளினால் காயில் விலகிக்கொள்ளும், இரைச்சல் நின்றுவிடும். பழைய மந்தச் சத்தம்தான் வரும், ஆனாலும் அது என் சத்தம். நான் வாசிப்பதை முதல் தடவையாக ஒரு மண்டபம் கேட்டிருக்கும். திரும்பி அவர்களைப் பார்த்தேன். ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டும் போனைத் தேய்த்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நாலு வருஷமாக இளக்காரமாகப் பார்த்தவன் நான். தப்பு விட்டால் இவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று அப்போது பயந்தேன்.

"வேணாம்ணே. அப்டியே இருக்கட்டும்" என்றேன்.

முன்னிசை வந்தது. எனக்கு விட்டுவிட்டதாகச் சொன்ன தலைவர் எப்போதும்போல வாசித்தார். நான் ஆம்ப்பை அணைத்துவிட்டுக் கம்பிமேல் விரலை ஓட்டிக்கொண்டு நின்றேன்.

பந்தியில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொண்ணின் சித்தப்பா வந்து என் தோளில் கை வைத்தார். "தம்பி, அந்த ரெண்டாவது பாட்டு ஆரம்பத்துல கிட்டார் வாசிச்சீங்களே, அம்புட்டுத் தெளிவு! எத்தன வருசப் பழக்கம்?"

எதிர் இலையில் குழுத் தலைவர் தலையைத் தூக்காமல் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இருவது வருசம்ணே" என்றேன். "கை தானா ஓடிரும்."